மனநிலைக் குளிசையும் கருத்தடையும்: ஈரல் செய்யும் வேலை

அடுத்த கிளினிக் நாளுக்கு முன் பதில் கேட்டு வரும் கடிதங்களில் குழப்பம் ஒன்றுதான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ மனநலக் கிளினிக்கில் கார்பமசெப்பின் தருகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் கையில் ஜடெல் என்ற கருத்தடைக் குச்சி வைக்கலாம் என்கிறார். இரண்டும் ஒத்துப்போகுமா?

ஒத்துப்போகாது. டெக்ரெற்றோல் என்ற பெயரிலும் வரும் இந்தக் குளிசை, மருந்துகளைச் சிதைக்கும் ஈரல் நொதியங்களைப் பெருக்கிவிடுகிறது. மிதுரிக் கருத்தடைக் குளிசையின் ஓமோனும் ஜடெலின் ஓமோனும் அதே நொதியங்களிடம்தான் அகப்படுகின்றன. ஜடெலின் இரண்டு குச்சிகளிலும் சேர்த்து 150 மில்லிகிராம் ஓமோன். அது ஐந்து வருடத்துக்குக் காண வேண்டும். டிப்போ கருத்தடை ஊசியிலும் 150 மில்லிகிராம்தான், வகை வேறு; ஆனால் அது மூன்றே மாதத்துக்கு. சொட்டுச் சொட்டாக வருவதை ஈரல் முந்திக்கொண்டு அழித்தால் கருவைத் தடுக்கப் போதாமற் போகலாம். ஊசியில் போதியளவு மிஞ்சும். குச்சி கையில் தட்டுப்பட்டுக்கொண்டேயிருக்கும். பலம் குறைந்தது வெளியே தெரியாது. கார்பமசெப்பினை நிறுத்திய பின்னும் ஈரல் வழமைக்குத் திரும்ப நான்கு வாரம் செல்லும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அட்டவணையில், கார்பமசெப்பின் எடுப்போருக்கு மிதுரி போன்ற குளிசைகள் 3ஆம் வகை: பொதுவாகத் தவிர்க்க வேண்டியவை. கைக் குச்சியோ 2ஆம் வகை: பொதுவாகப் பாவிக்கலாம். இந்த 2 என்ற எண்ணை நம்பி ஆறுதலடைய முடியாது. இந்தச் சேர்க்கை பெண்ணுக்குக் கேடு செய்யாது, ஆனால் கருத்தடையின் பலன் குறையலாம் என்று பக்கத்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. பிரித்தானிய வழிகாட்டிகள் ஈரல் நொதியங்களால் பலன் குறையாத முறைக்கு மாறச் சொல்கின்றன. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. குச்சி பிழைத்தால் சுமை முழுவதும் பெண்ணின் தலையில்தான்.

அப்படியானால் எது? டிப்போ ஊசி, அல்லது கருப்பையில் வைக்கும் செப்பு லூப். லூப்பில் ஓமோனே இல்லை.

அவசரக் கருத்தடைக் குளிசை? அதுவும் பலமிழக்கும், பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் செப்பு லூப் வைப்பதே நம்பகமானது.

மற்ற மனநிலைக் குளிசைகள்? முதலில் லமோற்றிஜின். இங்கே தலைகீழ்: மிதுரியின் ஈஸ்திரஜன் லமோற்றிஜினின் அளவைப் பாதியாக்கலாம், கடைசி ஏழு இரும்புக் குளிசை நாட்களில் அளவு மீண்டும் ஏறும்.

லித்தியம்? கருத்தடை ஓமோன்களைக் குறைக்காது.

வல்புரோவேற்? ஓமோனைக் குறைக்காது; ஆனால் கருவில் இருக்கையில் இந்த மருந்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறது. உறுதியான கருத்தடை இல்லாமல் எடுக்கவே கூடாது.

மருந்தை நாமே நிறுத்தலாமா? கூடாது, கரு தங்கிவிட்டதென்று தெரிந்தாலும். உடனே மருத்துவரிடம் போங்கள்.

மனநலக் கிளினிக்கும் குடும்பத்திட்டமிடல் கிளினிக்கும் வேறு வேறு. கொப்பிகளும் வேறு வேறு. இரண்டையும் இரண்டு இடத்துக்கும் கொண்டுபோங்கள். வெளியில் சொல்லக் கூச்சமென்றால் குளிசை மட்டையையாவது காட்டிக் கேளுங்கள்.