இளங்கலை ஆய்வேடு: வினாவிலிருந்து தொடங்கும் எழுத்து

பங்சாரை ஒட்டி, லெம்பா பந்தாயில் அமைந்துள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை, 1956இல், அப்பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. 1961இல் அத்துறையில் பொறுப்பேற்ற தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. மாநாடுகளில் படிக்கப்படும் கட்டுரைகள் அறிஞர்களின் ஆய்வை உலகுக்குக் காட்டுகின்றன என்றால், அந்த அறிஞர்கள் உருவாகும் முதற்படி, சிறப்பு இளங்கலைப் பட்டத்திற்குப் பயிலும் மாணவர் எழுதும் சிற்றாய்வேடுதான். மலாய்மொழியில் 'லாத்திஹான் இல்மியா' எனப்படும் இந்த ஏடு, ஒரு மேற்பார்வையாளரின் வழிகாட்டுதலில், மாணவர் தாமே ஒரு வினாவை எழுப்பிச் சான்றுகளைக் கொண்டு விடை காணும் பயிற்சியாகும்.

இப்பயிற்சிக்கு வரும் தமிழ் மாணவர்களில் பலர் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும், பின்னர் மலாய்வழி இடைநிலைப்பள்ளியிலும் பயின்றவர்கள். ஆய்வுக்கு வேண்டிய நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஒரு மொழியில் படித்ததை மற்றொரு மொழியில் தம் சொற்களில் எழுதும் பழக்கம் கைவராத நிலையில், நூலின் வாக்கியங்களை அப்படியே பெயர்த்து அடுக்கிவிடுவது எளிதாக நேர்ந்துவிடுகிறது. தேர்வுக்காக எழுதும் கட்டுரை அறிந்ததைத் தொகுத்துச் சொன்னால் போதும் என்ற பள்ளிப் பழக்கமும் இதனுடன் சேர்ந்துகொள்வதால், ஆய்வெழுத்தைக் கற்பிப்பவர் மொழிப்பிழை திருத்துவதற்கு முன்னரே, தொகுப்புக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்த வேண்டியிருக்கிறது.

அவ்வேறுபாடு தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்குகிறது. 'கிள்ளான் தோட்டத் தொழிலாளர்' என்பது ஒரு பொருள் மட்டுமே. அதைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதினாலும் முடிவு என ஒன்று வாராது. அதை 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் எனச் சுருக்கினால் காலமும் இடமும் வரையறைக்குள் வருகின்றன. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்ட அத்தொழிலாளர்கள், ஐரோப்பியரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கவும் கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டது ஏன், கூலிக்கும் தன்மானத்திற்கும் அவர்கள் கோரிக்கையில் இருந்த உறவு என்ன என்று கேட்கும்போதுதான், சான்று தேடி விடை சொல்லத்தக்க ஆய்வு வினா பிறக்கிறது. வினாவின் விடையால் யாருக்கு எது விளங்கும் என்பதையும் மாணவர் ஓரிரு வாக்கியங்களில் எழுதிக் காட்டிய பிறகே ஆய்வு முன்மொழிவை, அதாவது என்ன செய்யப்போகிறோம் என்னும் திட்டக் குறிப்பை, ஏற்றுக்கொள்வது நல்லது.

அடுத்த படி சான்றுகளை வகைப்படுத்துவதும் எடைபோடுவதும் ஆகும். நிகழ்வு நடந்த காலத்தில் உருவான கோப்புகள், நாளிதழ்கள், கடிதங்கள் ஆகியவை முதன்மைத் தரவுகள். அவற்றைக் கொண்டு பின்னர் பிறர் எழுதியவை துணைமைத் தரவுகள். மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள காலனியாட்சிக் காலக் கோப்புகளும், சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்துள்ள தமிழ், ஆங்கில நாளிதழ்களும் இத்தகைய ஆய்வுக்குக் கைகொடுக்கின்றன. ஆனால், வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராக இருந்தவர் என்பதை அறியும் மாணவர், அந்நாளிதழின் செய்தியைப் படிக்கும்போதும், அதே நிகழ்வைப் பற்றித் தோட்ட நிர்வாகத்தின் சார்பில் எழுதப்பட்டதைப் படிக்கும்போதும், எழுதியவர் யார், எந்த நிலையில் நின்று யாருக்காக எழுதினார் என்று கேட்கக் கற்றுக்கொள்கிறார். இரு தரப்பும் ஒத்துப்போகும் இடத்தையும் முரண்படும் இடத்தையும் அருகருகே எழுதச் சொல்லும் ஒரு பக்கப் பயிற்சி, சான்றாய்வைப் பற்றிய நீண்ட விரிவுரையைவிட மிகுந்த பயன் தரக்கூடியது.

முன்னோர் செய்த ஆய்வுகளைத் தேடிப் படித்து, அவை சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் மதிப்பிடும் பகுதி முன்னாய்வு மீள்பார்வை எனப்படும். மலேசியத் தமிழ் எழுத்தைப் பற்றி ஆராய்பவருக்கு, இராம. சுப்பையா தொகுத்து மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா' என்னும் நூற்பட்டியல் நல்ல தொடக்கமாகும். இதே நூலைத் துணைநூற்பட்டியலில் சேர்க்கும்போது ஒரு சிக்கலும் எழுகிறது. குடும்பப் பெயரை முதலில் எழுத வேண்டும் என்னும் மேலைநாட்டு விதியைத் தமிழ்ப் பெயருக்கு அப்படியே பொருத்தினால், தந்தை பெயரின் குறுக்கம் ஆசிரியர் பெயராகிவிடும். எனவே, 'சுப்பையா, இராம.' என்றே எழுதுவதென முடிவு செய்து, ஏடு முழுவதும் அதே முறையைக் காப்பதுதான் தேடி வருபவருக்கு உதவும். மேற்கோள் விதிகள் மதிப்பெண்ணுக்கான சடங்கு என்ற எண்ணம், இப்படி ஒரு பெயரைக் கையில் எடுத்து விளக்கும்போது மாறத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) 1969இலேயே இளங்கலை மாணவரைப் பேராசிரியர்களின் ஆய்வில் பங்குபெறச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது; ஆய்வைச் செய்துதான் பழக வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எழுத்துக்கும் இது பொருந்தும். முழு ஏட்டையும் பருவ இறுதியில் வாங்கிச் சிவப்பு மையால் திருத்துவதைவிட, வினா, முன்மொழிவு, ஓர் இயல், முழு வரைவு எனப் படிப்படியாகப் பெற்று, ஒவ்வொரு படியிலும் கருத்துரைத்துத் திரும்ப எழுதச் செய்வதே மாணவருக்குப் பயன்படும். மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தம் சொற்களில் எழுதி, பின்னர் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சியை இடையில் சேர்த்தால், கருத்துத் திருட்டைப் பற்றிய எச்சரிக்கையின் தேவையும் குறையும்.

இவ்வளவு உழைப்பும் ஒரு பட்டத்திற்காக மட்டும் என்று கருதுவது பொருந்தாது. தோட்டங்களும் சிற்றூர்க் கோயில்களும் பழைய குடியிருப்புகளும் மறைந்துவரும் கிள்ளான் பள்ளத்தாக்கில், ஒரு மாணவர் பதிவுசெய்த நேர்காணலே பிற்காலத்தவருக்கு எஞ்சும் ஒரே சான்றாகிவிடக்கூடும். யாரிடம், எந்த நாளில், எங்கே கேட்டது என்ற குறிப்பு இல்லாத நேர்காணலை அவர்கள் நம்பிப் பயன்படுத்த இயலாது என்பதால், அக்குறிப்பை எழுதும் பழக்கத்தை இளங்கலை வகுப்பிலேயே ஊட்டுவது ஆசிரியரின் கடமையாகிறது.