புது மருந்து என்றாலே நல்ல மருந்தா?

வேலூர் லாங் பஜாரில் மூட்டை இறக்குபவர் கண்ணில் உமியோ கோணித் தூசோ பட்டால், கசக்கிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். சில நாள் கழித்துக் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும்போதுதான் ஆரணி சாலையில் உள்ள சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை நினைவுக்கு வரும். அது பூஞ்சைப் புண்ணாக இருந்தால், ஆறிய பிறகும் பூ விழுந்த கண்ணாக நின்றுவிடக்கூடும்.

இப்படி வருபவரிடம் ஏதோ ஒரு பெரிய மருத்துவமனையில், “ஒரு மருந்து ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?” என்று கேட்கலாம். “நம்ம மேல சோதனை பண்றாங்க” என்று வீட்டில் ஒருவர் பயப்படுவார். “புது மருந்து, சும்மா கிடைக்குது, விட்டுடாதே” என்பார் இன்னொருவர். இரண்டாவது பேச்சுதான் அதிகம் ஏமாற்றும்.

இதே பூஞ்சைப் புண்ணுக்கு நடந்த ஆய்வைப் பாருங்கள். நாட்டமைசின் பழைய சொட்டு மருந்து. 1978இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வோரிகோனசோல் பிறகு வந்தது. கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும் என்பதால் அதன்மேல் எதிர்பார்ப்பு அதிகம். எது மேல்? 2010, 2011இல் அரவிந்த் கண் மருத்துவமனைகள், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இதைப் பார்த்தன. யாருக்கு எந்தச் சொட்டு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசை கணக்கில் கலந்துவிடும். 2013இல் முடிவு வெளியானது: பழைய நாட்டமைசினே ஜெயித்தது. மூன்று மாதம் கழித்துப் பார்வை அதில்தான் மேல். கருவிழி ஓட்டையாவதும் அதில்தான் குறைவு. ஃபியூசேரியம் என்ற பூஞ்சையில் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

புதியதைப் பெற்றவர்களை யாரும் ஏமாற்றவில்லை. எது நல்லது என்று அன்று மருத்துவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. சேர்பவர் இதை மனதில் வைத்துத்தான் சேர வேண்டும்.

இனி உங்கள் உரிமை. புது மருந்து ஆய்வுகளுக்கு 2019இல் வந்த மத்திய அரசு விதிகள் உள்ளன. நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஆய்வு தொடங்கக் கூடாது. அந்தக் குழுவில் மருத்துவம் சாராத பொதுமனிதரும் இருப்பார். சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துச் சொல்லும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. எந்த நாளும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது.

தினக்கூலிக்காரர் அவசியம் கேட்க வேண்டியது இன்னொன்று: எத்தனை முறை வர வேண்டும், பஸ் செலவும் அன்றைய கூலியும் தருவார்களா? பாதியில் நின்றுவிடுபவர்கள் பலர் பயத்தால் நிற்பதில்லை, கூலி போவதால் நிற்கிறார்கள்.

வீட்டில் கலந்து பேச நேரம் கேளுங்கள். சேர்ந்தால், நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.