44 வயதிலும் களத்தில் நின்ற கால்கள்!

"டாக்டர், இவன் இனிமே கபடியே ஆடக்கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறான்!"

சங்கராபுரத்தில் என் வைத்தியசாலைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அந்த அம்மா சொன்னது இது. கூடவே பிளஸ் ஒன் படிக்கும் மகன். இடது கணுக்காலில் வீக்கம். பின்னாலேயே அப்பா. பெஞ்சில் உட்காரும்போது "அப்பாடா" என்றார். எழுந்திருக்கும்போது "அம்மாடி" என்றார். இரண்டு கைகளும் முட்டியில்!

பையனுக்கு வெறும் சுளுக்குதான். எனக்குக் கவலை அப்பாவைப் பற்றி. "உங்களுக்கு என்ன சார்?" என்றேன்.

"வயசாயிடுச்சு டாக்டர்... 42 ஆச்சே!"

அவருக்குச் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

யார் இந்த 'அண்ணா'?

தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1975-இல் பிறந்தவர். கபடியில் அவருடைய இடம் 'கார்னர்'. ஒரு அணியில் ஏழு பேர் அல்லவா? தடுத்து ஆடும்போது வரிசையின் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள்தான் கார்னர். பாடி வருகிறவருக்கு ஒரு மூச்சுக்கு 30 விநாடி. அதற்குள் அவர் கணுக்காலையோ தொடையையோ பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஓரத்தில் நிற்பவர் ஆரம்பித்து வைக்கிற வேலை. அவர் பிடித்தால்தான் மற்றவர்கள் வந்து விழுவார்கள். பிடி நழுவினால் புள்ளி போச்சு, ஆளும் வெளியே!

2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது சேரலாதனுக்கு வயது 39. நம்மில் பலர் அந்த வயதில் மாடிப்படியைக் கண்டாலே மலைப்போம்! 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து கோப்பையை வாங்கித் தந்தார். அதே ஆண்டு அக்டோபரில், அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பையைத் தட்டிய இந்திய அணியிலும் இருந்தார். அப்போது வயது 41. அதோடு நின்றாரா? 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைவர். வயது 44! அவரோடு ஆடியவர்களில் பலர் அவர் வயதில் பாதி. எல்லோரும் அவரை அழைத்தது 'அண்ணா' என்றுதான். 2024-இல் தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார்.

இது நம்மூர் அதிசயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கர்களின் ஃபுட்பாலிலும் 'கார்னர்பேக்' என்று ஓர் இடம் உண்டு. எதிரணியின் வேகமான ஓட்டக்காரரை ஓரத்தில் மறிப்பவர் அவர். டேரல் கிரீன் என்பவர் 1983 முதல் 2002 வரை 20 பருவங்கள், ஒரே வாஷிங்டன் அணிக்காக அந்த இடத்தில் ஆடினார். விடைபெறும்போது வயது 42. நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவின் வயது!

ரகசியம் எங்கே?

வைத்தியன் என்ற முறையில் நான் பார்ப்பது இது: கார்னர் ஆட்டக்காரர் எடுத்ததற்கெல்லாம் பாய்வதில்லை. முட்டியை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, காத்திருக்கிறார். நேரம் வரும்போது மட்டும் பாய்கிறார். அதற்கு வேண்டியது மூன்று. வலுவான தொடை, வளைந்து கொடுக்கும் கணுக்கால், அவசரப்படாத மனசு. இளமையின் வேகம் குறைந்தாலும், பழக்கத்தை விடாதவருக்கு இந்த மூன்றும் சட்டென்று கைவிட்டுப் போவதில்லை.

நாமோ குந்தி உட்காருவதையே மறந்துவிட்டோம். சாப்பாடு மேஜையில், வேலை நாற்காலியில், கழிவறையும் உயரத்தில்! வேலை செய்யாத தொடை மெலியும். தொடை மெலிந்தால் பாரம் முழுக்க முட்டியில் இறங்கும். கல்வராயன் மலையில் ஏறி இறங்கும் பெரியவர்கள் சிலரைப் பாருங்கள். எழுபதிலும் குந்தி உட்கார்ந்து சாமையைப் புடைக்கிறார்கள்.

நான் செய்த தவறு

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்பு ஒரு பையனைக் கபடிக் களத்திலிருந்து நேராக என்னிடம் தூக்கி வந்தார்கள். முட்டியில் 'டப்'பென்று சத்தம் கேட்டதாம். ஒரு மணி நேரத்தில் வீக்கம். நான் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டுக் கட்டுக் கட்டினேன். மூன்று வாரம் போனது. நடக்கும்போது முட்டி 'மடங்கி மடங்கி' விழுந்தது. பிறகுதான் எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். உள்ளே தசைநார் அறுந்திருந்தது! அறுவை சிகிச்சைக்குப் பின் நன்றாக நடந்தான். ஆனால் மறுபடி களத்தில் இறங்கவில்லை. அந்த மூன்று வாரம் இன்னும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன்.

அடிபட்டால்...

* முதல் இரண்டு நாள் தேய்க்காதீர்கள், உருவாதீர்கள், ஒத்தடமும் சூடாக வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வைத்து எடுங்கள். காலை உயர்த்தி வையுங்கள்.

* சத்தம் கேட்டதா? உடனே வீங்கியதா? காலை ஊன்ற முடியவில்லையா? முட்டி நழுவுகிறதா? எந்த வைத்தியமும் பிறகு. முதலில் எலும்பு மருத்துவர்!

* வலி போனதும் விளையாட்டு இல்லை. அடிபட்ட காலால் நொண்டி அடிக்கச் சொல்லுங்கள். நல்ல காலைப்போலவே வலியில்லாமல் குதித்தால்தான் களம்.

அப்பாக்களுக்கு...

* நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். காலை, மாலை இரண்டு வேளை.

* வாரத்தில் சில நாள் சாமை, கேழ்வரகு. கொள்ளு ரசம், பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை இவையும் வீட்டில் புழங்கட்டும். மருந்தாக நினைத்து மலைக்காதீர்கள், சாப்பாடாக நினையுங்கள்.

* வாரம் ஒருமுறை நல்லெண்ணெய்க் குளியல். அன்று பகல் தூக்கம் கூடாது.

* முட்டித் தேய்மானம் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்கள் குந்தி உட்காரும் முயற்சியே வேண்டாம். உங்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்கிறீர்களா? "பையன் ஆடட்டும்மா. கால் முழுசா ஆறின பிறகு ஆடட்டும். ஆட்டத்தை நிறுத்தறதால கால் பத்திரமாகாது. நிறுத்தினவர் இதோ பக்கத்துல உட்கார்ந்திருக்காரே!"

மூவரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் ஒரு காலத்தில் ஊர் அணியில் கார்னராம்!

நாளைக் காலை, வெறும் வயிற்றில், நீங்களும் கை ஊன்றாமல் ஒருமுறை எழுந்து பாருங்கள். எழ முடிந்தால் சந்தோஷம். முடியாவிட்டால், வயதைக் குறை சொல்லாதீர்கள். பழக்கத்தை மாற்றுங்கள்!