போகாத கச்சேரியும் வருமான வரியும்

விலை கொடுத்து வாங்கப்படும் பொருள்களுள் நுழைவுச்சீட்டைப் போல் விரைந்து அழிவது பிறிதொன்று உண்டோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. வாழைப்பழங்கூடக் கனிந்த பின் இரண்டு நாளைக்குத் தாங்கும். சங்கீதக் கச்சேரி ஒன்றுக்கு 100 டொலர் கொடுத்து வாங்கிய டிக்கட்டோ மாலை ஏழு மணி வரை 100 டொலர் பெறும். பத்து மணிக்கு அதனை இனாமாகக் கொடுத்தாலும் பெற்றுக்கொள்வார் இல்லை. இந்நாளில் அது கடுதாசியாகக்கூட இருப்பதில்லை. கையடக்கத் தொலைபேசியின் திரையில் தோன்றும் ஒரு குறியீடே டிக்கட் எனப்படுகிறது.

இத்தகைய டிக்கட்டை வாங்கியவர் எக்காரணத்தாலோ போக முடியாத நிலையில், அதனை ஒரு தரும ஸ்தாபனத்துக்கு வழங்கிவிட்டால் அதன் பெறுமதியை வருமான வரிக் கணக்கிற் கழித்துக்கொள்ளலாமா? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பலகாலமாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. கழிக்கலாம் என்பதே சுருக்கமான விடை. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் நிற்கும் நிபந்தனைகளைப் பார்க்கும்போது, சட்டமானது ஈகையை எக்கோல் கொண்டு அளக்கிறது என்பது விளங்கும்.

பொஸ்டன் நகரத்தை உதாரணமாகக் கொள்வோம். அங்குள்ள சிம்பொனி வாத்தியக் குழுவை 1881 ஆம் ஆண்டில் ஹென்றி லீ ஹிகின்சன் என்னும் தனவந்தர் நிறுவினார். பணம் படைத்தவர்கள் பருவம் முழுவதற்கும் இருக்கைகளை முன்கூட்டியே வாங்கிவிட, ஏனையோர் வாயிலில் நின்று திரும்புவதை அவர் விரும்பவில்லை. ஆகவே சில இருக்கைகளை 25 சதத்துக்கு விற்கும்படி ஒதுக்கிவைத்தார். வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் அவ்விருக்கைகளுக்காக மாணவர்களும் எளியவர்களும் வரிசையாகக் காத்து நின்றனர். அதே குழுவின் நிகழ்ச்சி நூல்களிலே பல்லாண்டுகளாக ஓர் அறிவித்தல் வெளிவந்ததுண்டு. வர இயலாத சந்தாதாரர் தொலைபேசி மூலம் தெரிவித்துவிட்டால், அவருடைய இருக்கை வேறொருவருக்கு விற்கப்படும். வரிக் கழிவுக்குரிய நன்கொடையாக அதற்குப் பற்றுச்சீட்டும் அனுப்பப்படும் என்பதே அது. குழுவுக்கு ஒரே இருக்கையால் இருமுறை வருவாய், வாயிலில் நிற்பவருக்கு இசை, சந்தாதாரருக்குப் பற்றுச்சீட்டு. இதனினும் நேர்த்தியான ஏற்பாட்டை நாம் அறியோம்.

இக்கழிவு அந்நாட்டுச் சட்டத்திற் புகுந்த வரலாறும் சுவையானது. 1913 ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் நிறைவேறிய பின்னரே அங்கு வருமான வரி நிலைபெற்றது. 1917 இல் முதலாம் உலக யுத்தத்துக்காக வரியைப் பெரிதும் உயர்த்தியபோது, செல்வர்கள் வரியைக் கட்டிவிட்டுக் கல்லூரிகளுக்கும் ஆதுலசாலைகளுக்கும் கொடுப்பதை நிறுத்திவிடுவரோ என்ற அச்சம் எழுந்தது. அதனாலேயே நன்கொடைக்குக் கழிவு என்னும் சலுகை வந்தது. கழிக்கப்படுவது வரியிலிருந்து அன்று, வருமானத்திலிருந்து என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு 22 வீதம் வரி செலுத்துபவர் 100 டொலர் பெறுமதியான டிக்கட்டை வழங்கினால், கூடியபட்சம் 22 டொலரே அவருக்கு மிஞ்சும். டிக்கட்டைப் பெட்டியில் வைத்து மறந்தவருக்கு அதுவும் இல்லை.

பெறுமதி என்பது யாது? விருப்பமுள்ள ஒருவர் விற்க, விருப்பமுள்ள ஒருவர் வாங்க, இருவரும் விவரம் அறிந்து, எவ்வித நிர்ப்பந்தமுமின்றி ஒத்துக்கொள்ளும் விலையே நியாயமான சந்தை விலை எனச் சட்டம் வரையறுக்கிறது. ஆயின் ஓராண்டோ அதற்குக் குறைவாகவோ கைவசம் இருந்த பொருளாயின், கொள்விலை, சந்தை விலை இரண்டிலும் குறைந்ததையே கழிக்கலாம். டிக்கட்டை எவரும் ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பது அரிது. எனவே 60 டொலருக்கு வாங்கிய டிக்கட் இன்று 300 டொலருக்கு விலைபோனாலும் கழிவு 60 டொலர்தான். அதே டிக்கட்டை 10 டொலருக்கும் கேட்பாரில்லையெனில் கழிவும் 10 டொலருக்கு மேற் போகாது. பெறுமதியை நிர்ணயிக்கும் பொறுப்பு கொடுப்பவருடையது. ஸ்தாபனம் பெற்றுக்கொண்டதை எழுதித் தரும், விலை எழுதித் தராது. 250 டொலரும் அதற்கு மேலும் ஆயின் எழுத்து மூலமான ஒப்புகை கட்டாயம். பணமல்லாத கொடைகள் மொத்தம் 500 டொலரைத் தாண்டினால் 8283 ஆம் இலக்கப் படிவமும் நிரப்ப வேண்டும்.

இவையெல்லாம் கணக்கு. நம்மை வியக்கச் செய்வது 1967 ஆம் ஆண்டில் இறைவரித் திணைக்களம் வெளியிட்ட 67-246 ஆம் இலக்கத் தீர்மானம். தருமத்துக்காக நடத்தப்படும் விருந்துக்கு ஒருவர் 50 டொலர் கொடுத்து டிக்கட் வாங்குகிறார். உணவும் இசையும் 20 டொலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். கழிவு 30 டொலருக்கே. டிக்கட்டின் மேல் 'நன்கொடை 50 டொலர்' என்று பொறித்திருந்தாலும் பயனில்லை. சரி, அவர் விருந்துக்குப் போகவேயில்லை என்றால்? உண்ணவில்லை, கேட்கவில்லை, முழுவதும் தருமந்தானே என்று அவர் வாதாடக்கூடும். சட்டம் ஒப்பவில்லை. உரிமையைப் பயன்படுத்தினாரா என்பது கேள்வியன்று; அதனை ஏற்றுக்கொண்டாரா, மறுத்தாரா என்பதே கேள்வி. பணத்தைக் கொடுத்து, டிக்கட் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் 50 டொலரும் கொடையாகியிருக்கும். வாங்கி மேசைக்குள் வைத்தவரோ ஓர் இருக்கையை வெறுமையாக்கினார், அவ்வளவுதான். கடுமையான நியாயம் என்று சிலர் கூறலாம். நமக்கு அது சரியாகவே படுகிறது.

அயல்வீட்டு ஏழைச் சிறுவனிடம் டிக்கட்டைக் கொடுத்தால் கழிவு உண்டா? இல்லை. அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனத்துக்கே கொடுக்க வேண்டும். அச்சிறுவனின் மகிழ்ச்சிக்கு வரிப் படிவத்தில் இடமில்லை. இதற்கு மாறாக, பல்கலைக்கழக விளையாட்டரங்கில் நல்ல இருக்கைகளை வாங்கும் உரிமைக்காகக் கொடுக்கப்பட்ட பணத்தில் நூற்றுக்கு 80 வீதத்தைக் கழிக்க 1988 ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்திருந்தது! தனக்கே இருக்கை தேடியவருக்குக் கிட்டிய இந்தச் சலுகையை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 2018 முதல் அது இல்லை.

அதே 2017 ஆம் ஆண்டுச் சட்டம் மற்றுமொன்றைச் செய்தது. ஒவ்வொரு செலவையும் எழுதிக் கழிப்பதற்குப் பதிலாக யாவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுக்கழிவை அது ஏறக்குறைய இருமடங்காக்கிற்று. 2025 ஆம் ஆண்டுக்குத் தனியொருவருக்கு இத்தொகை 15,750 டொலர். பத்தில் ஒன்பது பேர் அதனையே எடுத்துக்கொள்வதால், அவர்கள் டிக்கட்டைத் தருமத்துக்குக் கொடுத்தாலும் வரியில் ஒரு சதமும் குறையாது. பொதுக்கழிவு எடுப்போரும் 1,000 டொலர் வரை நன்கொடையைக் கழிக்கலாம் என்று 2026 இலிருந்து ஒரு சலுகை உண்டு. ஆனால் அது பணமாகக் கொடுத்ததற்கு மட்டுமே. டிக்கட் பணமன்று.

அங்ஙனமாயின் எவர் கொடுப்பார் என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள். 1994 இல் பிற்ஸ்பேர்க் நகரில் தோன்றிய 'டிக்கட்ஸ் ஃபோர் கிட்ஸ்' வசதியற்ற சிறுவர்களை நாடகத்துக்கும் விளையாட்டுக்கும் அனுப்புகிறது. 2008 இல் அரிசோனாவில் தோன்றிய 'வெட் டிக்ஸ்' படைவீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் டிக்கட்டுகளைச் சேர்ப்பிக்கிறது.

அந்நாட்டில் வாழும் உறவினருக்கு இதனை எழுதியனுப்ப விரும்பும் வாசகர்கள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். டிக்கட்டைத் திரும்ப ஏற்பவர் இலாபத்துக்கு நடத்தும் கம்பனியானால், கொடுத்தவருக்குக் கழிவு கிடையாது. பொஸ்டன் குழுவைப் போன்ற தரும ஸ்தாபனமாயின் உண்டு. மற்றையது, இக்காலத்து டிக்கட்டுகள் சில வாங்கியவர் பெயரோடு பூட்டப்பட்டு, பிறருக்கு மாற்ற இயலாதவையாக இருக்கின்றன. மாற்றத்தக்கதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நன்று. ஸ்தாபனமும் வேறொருவரைத் தேடிப்பிடிக்க வேண்டுமாதலின், நிகழ்ச்சிக்குச் சில நாள்கள் முன்னதாகவே தெரிவித்துவிட வேண்டும்.