ஊர் ஒதுக்கும்போது கடவுளை நம்புறதுன்னா என்ன?

கள்ளக்குறிச்சி பக்கம் கல்வராயன் மலை மாதிரி இடங்கள்ல சொந்தக்காரங்கதான் ஊரே. கிறிஸ்துவை ஏத்துக்கிட்டதுக்காக அவங்க ஒதுக்கினா, நல்லது கெட்டதுக்குத் தனியா நிக்கணும். அப்போ "கடவுளை நம்பு"ன்னா என்ன அர்த்தம்?

எனக்கு தேவசகாயம் ஞாபகம் வரார். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை. இழப்புகளால் நொந்திருந்தவருக்குத் தளபதி டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் ஞானஸ்நானம் எடுத்தார். புதுப் பெயருக்கே 'கடவுளின் உதவி'ன்னுதான் அர்த்தம். ஆனா சிறையும் வந்துச்சு. 1752-ல் ஆரல்வாய்மொழி காட்டில் சுட்டுக் கொன்னாங்க. 2022-ல்தான் புனிதர்னு அறிவிச்சாங்க.

அப்போ நம்பிக்கை, பிரச்சனை தீரும்ங்கிற கேரண்டி இல்ல. யோபு மாதிரி அழலாம், கடவுள்கிட்டயே கேள்வி கேட்கலாம். அவரை விட்டுப் போகாம இருக்கணும். வீட்ல பேசாட்டியும் நீங்க கதவைச் சாத்தாதீங்க.