சிகிச்சை முடிந்தது, ஆபத்து முடியவில்லை

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியில் 1954-இல் எழுந்ததுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இன்று சென்னையிலோ தஞ்சையிலோ திருச்சியிலோ சிகிச்சை முடித்து, அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கிக்கும் ஆலங்குடிக்கும் திரும்புகிறவர்களுக்கு, வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த சோதனை.

வாய்ப்புற்றிலிருந்து மீண்டவர் விசேஷ வீட்டுக்குப் போகிறார். தாம்பாளம் நீள்கிறது. “போயிலைதான் ஆகாது, வெறும் பாக்குதானே?” என்கிறார் பக்கத்தில் இருப்பவர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும் உறுதியான புற்றுநோய்க் காரணியாக 2004-லேயே பட்டியலிட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2013-இல் குட்காவுக்குத் தடை வந்தது. வெறும் பாக்குக்குத் தடை கிடையாது. பல வருடம் அந்தச் சாற்றில் ஊறிய வாயில், வெட்டிய இடம் ஆறினாலும் மறு கன்னத்தில் புதிதாக இன்னொன்று முளைக்கலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிந்தால் அடுத்த தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்து, பாசத்தின் பேரில் வருவது: “ஒடம்ப அலட்டிக்காம படு.” மார்பக அறுவை செய்துகொண்ட பெண்ணை, கை வீங்கிவிடும் என்ற பயத்தில், குடம் தூக்கவே விடமாட்டார்கள். பயிற்சியாளர் மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கினால் கைவீக்கம் கூடுவதில்லை என்று 2009-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

2025-இல் வெளியான ஆய்வு இன்னும் அழுத்தமானது. கீமோ முடித்த பெருங்குடல் புற்று நோயாளிகள் 889 பேர். ஒரு பாதிக்கு உடல்நலக் கையேடு மட்டும்; மறு பாதிக்குக் கையேட்டோடு, மூன்று ஆண்டு தொடர்ந்து விசாரித்து உடற்பயிற்சி செய்யவைத்த ஆலோசகர். எட்டாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் முதல் அணியில் 83.2 சதவீதம், இரண்டாவதில் 90.3 சதவீதம்.

நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது வாய்வார்த்தையும் சீட்டும்தான். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டு வாசல்வரை வருகிறது. பிசியோதெரபியும் அதில் உண்டு. புற்றுநோயிலிருந்து மீண்டவரிடம் ‘நடந்தீர்களா, பாக்கு போட்டீர்களா, செக்கப் போனீர்களா’ என்று கேட்பதையும் அதில் சேர்க்கலாம். அதுவரை அந்த மூன்றையும் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றுக் கேட்க வேண்டும். புகையிலையை விட உதவிக்கு 1800-11-2356, கட்டணம் இல்லை.