ஜூலை 14-க்கு காரைக்கால்ல என்ன விசேஷம்?

திருக்கடையூர்ல இருந்து தெற்கே போனா தரங்கம்பாடி, பொறையாறு, அப்புறம் நண்டலாறு. ஆத்தைத் தாண்டினா காரைக்கால். அங்கே ஜூலை 14 அன்னிக்கு பிரெஞ்சுக் கொடியும் நம்ம கொடியும் பக்கத்துல பக்கத்துல பறக்கும். 1789-ல பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடிச்ச நாள் அது. பிரான்ஸோட தேசிய தினம்.

"ஆண்டவங்க விழாவை நாம ஏன் கொண்டாடணும்?" நியாயமான கேள்விதான். ஆனா கொண்டாடுறவங்கள்ல பலர் பிரெஞ்சுக் குடிமக்கள். இங்கேயே பிறந்த தமிழர்கள்!

1954 நவம்பர் 1-ல புதுச்சேரி, காரைக்கால் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைச்சது 1962 ஆகஸ்ட் 16. அன்னிக்கு இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தானாகவே இந்தியர் ஆனாங்க. பழைய குடியுரிமையே போதும்னு நினைச்சவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க, ஊர் பாஷையில 'சொல்தா', பலர் எழுதிக் கொடுத்தாங்க.

அண்ணன் கொடுத்து தம்பி கொடுக்கலைன்னா? ஒரே குடும்பம், ரெண்டு நாடு. பேரப்பிள்ளைங்க பாஸ்போர்ட் வரைக்கும் அந்த ஒரு கையெழுத்துதான் தீர்மானிக்குது. தேர்தல் வந்தா அண்ணன் வீட்டுல இங்கிருந்தபடியே பிரான்ஸ் அதிபருக்கு ஓட்டு. தம்பி வீட்டுல புதுச்சேரி சட்டமன்றத்துக்கு.